அழைப்பிதழ்ப் பக்கத்தில் எது அலங்காரம், எது சேதி?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். கொழும்பில் கலியாணங்களுக்கு இணைய அழைப்பிதழ் செய்து கொடுக்கிறீர்கள். கடைசியாகச் செய்ததை மணமகளின் பெரியப்பா தன் போனில் டாக்பேக் (திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் ஆண்ட்ராய்டு ஸ்கிரீன் ரீடர்) வைத்துக் கேட்டிருக்கிறார்; அவருக்குப் பார்வை இல்லை. மணமகளின் பெயர் எழுத்தெழுத்தாக உதிர்ந்து வந்திருக்கிறது, நடுவில் பூ, நட்சத்திரம் என்று ஏதேதோ சொல்லியிருக்கிறது, ஆங்கிலத்தில் போட்ட பெயர்கள் உருப்படியாக வரவே இல்லை. உடனே நீங்கள் அலங்காரமாகத் தெரிந்த எல்லாவற்றுக்கும், ரீடரிடமிருந்து மறைக்கும் ஏரியா-ஹிடன் போட்டீர்கள். இப்போது இரைச்சல் இல்லை, பெயர்களும் இல்லை. "அலங்கார எழுத்தை மறைக்க வேண்டுமா, ஏரியா-லேபிள் கொடுக்க வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்; ஏரியா-லேபிள் என்பது ரீடர் வாசிப்பதற்கென்று நாம் எழுதிக் கொடுக்கும் பெயர். அதற்குள் இருக்கும் கேள்வி வேறு என்று எனக்குப் படுகிறது: அந்தப் பக்கத்தில் எது அலங்காரம், எது சேதி? அதைப் பிரித்துக்கொள்ளாமல் எந்த அட்ரிபியூட்டை (ஓர் உறுப்போடு எழுதும் குறிப்பை) போட்டாலும் ஓரிடத்தில் அடைத்தால் இன்னோரிடத்தில் ஒழுகும்.

நானும் கொழும்பில்தான் இணையத்தளங்களின் முன்பக்க வேலை செய்கிறேன். அவற்றை ஸ்கிரீன் ரீடரில் சோதிப்பது பல வருடங்களாக என் வேலையில் ஒரு பகுதி. எனக்குப் பார்வை உண்டு. ஆகவே நான் சொல்வது பக்கத்தைக் கட்டுகிறவனின் இடத்திலிருந்து வருவது. நாள் முழுக்க ஸ்கிரீன் ரீடரோடு வாழ்பவருக்கு எது எரிச்சல், எது பரவாயில்லை என்பதை அவரிடமே கேட்க வேண்டும். இன்னொன்றையும் முதலிலேயே பிரித்துச் சொல்லிவிடுகிறேன். பிரவுசர் உங்கள் பக்கத்தின் எச்டிஎம்எல் குறிமொழியிலிருந்து அக்சசிபிலிட்டி ட்ரீ என்ற ஒன்றைக் கட்டி ரீடரிடம் கொடுக்கிறது. அந்த ட்ரீயில் என்ன போகிறது என்பது பெரும்பாலும் விதிப்படி நடக்கும். அதை உறுதியாகச் சொல்லலாம். அதை வாங்கிய ரீடர் வாயால் என்ன சொல்லும் என்பது அவ்வளவு உறுதி இல்லை. எந்த ரீடர், எந்தப் பதிப்பு, எந்தக் குரல், குறியீடுகளை எவ்வளவு வாசிக்கும்படி அந்த ஆள் வைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்து மாறும். கீழே "ரீடரைப் பொறுத்தது" என்று நான் சொல்லும் இடங்களில் இதுதான் அர்த்தம்.

அலங்காரம் எது என்பதற்கு டபிள்யூசிஏஜி என்னும் இணைய அணுகல் வழிகாட்டியில் தெளிவான வரையறை இருக்கிறது. அழகுக்காக மட்டும் இருக்க வேண்டும், தகவல் எதுவும் தரக்கூடாது, அதற்கென்று எந்தச் செயல்பாடும் இருக்கக்கூடாது. மூன்றும் சேர்ந்தால்தான் வெறும் அலங்காரம். எழுத்துக்கு அதோடு ஒரு குறிப்பும் உண்டு: சொற்களை இடம் மாற்றினாலும், வேறு சொற்களைப் போட்டாலும் நோக்கம் கெடாது என்றால்தான் அந்த எழுத்து அலங்காரம். அகராதி அட்டையில் பின்னணியாக மங்கலாகத் தூவிய சொற்களை உதாரணமாகக் காட்டுகிறார்கள். இந்தச் சோதனை 2008 இல் வந்த 2.0 பதிப்பிலேயே இருந்தது. 2023 அக்டோபரில் வந்த 2.2 வரை மாறவில்லை. உங்கள் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பின்னணியில் நீர்க்குறி மாதிரி திரும்பத் திரும்ப வரும் "சுபமஸ்து" அலங்காரமாகத் தேறும். மணமகளின் பெயர் எவ்வளவு வளைந்து நெளிந்து மின்னினாலும் தேறாது; அங்கே வேறு பெயரைப் போட்டால் அது வேறு கலியாணம்.

இடைப்பட்டவைதான் யோசிக்க வைக்கும். உச்சியில் "உ" போட்டிருக்கிறீர்கள், அதன் கீழே "சிவமயம்". உ ஒரு சுழிதானே, மறைத்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் அதை எடுத்துவிட்டு "ஊ" போட எந்த வீட்டார் சம்மதிப்பார்கள்? ஆகவே அது அலங்காரக் கணக்கில் வராது. அப்படியே எழுத்தாக விட்டால் ரீடர் "உ" என்று ஓர் ஓசையை எழுப்பிவிட்டுப் போகும். நம்முடைய அழைப்பிதழ்கள் பழகியவருக்கு அதுவே போதும் என்பது என் எண்ணம். அதைப் படமாகவோ, எஸ்விஜி என்ற கோட்டு வரைபடமாகவோ வரைந்திருந்தால் "பிள்ளையார் சுழி" என்று பெயர் கொடுங்கள். ௐ என்ற ஒற்றைக் குறியீட்டைத் தட்டியிருந்தால் கொஞ்சம் கவனம். அது கணினி எழுத்துகளின் பொதுப் பட்டியலான யூனிகோடுக்குள் வந்ததே 2008 இல்தான். அதை எப்படிச் சொல்லும், சொல்லுமா என்பதெல்லாம் ரீடரைப் பொறுத்தது. "ஓம்" என்று இரண்டு எழுத்தில் எழுதினால் எந்தத் தமிழ்க் குரலும் சொல்லிவிடும். பஞ்சாங்க அழகுக்காக ௳, ௴, ௵ போடுவதும், தேதியைத் தமிழ் எண்ணில் ௧௨ என்று போடுவதும் இதே வகை. சாதாரண எண்ணில் எழுதிய தேதி ஒன்று பக்கத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். அது இருந்தால் பஞ்சாங்க வடிவத்தைத் தாராளமாக மறைக்கலாம்.

சரி, பெயர்கள் ஏன் காணாமல் போயின? நீங்கள் அனுப்பிய எச்டிஎம்எல்லில் ஏரியா-ஹிடன் ட்ரூ இருப்பது பெயர்களையும் பூக்களையும் சேர்த்துச் சுற்றிய டிவ் என்ற பெட்டி உறுப்பில். ஓர் உறுப்பில் அதைப் போட்டால் அதற்குள் இருக்கும் அனைத்தும் ட்ரீயிலிருந்து போய்விடும். உள்ளே பெயருக்கு மட்டும் ஏரியா-ஹிடன் ஃபால்ஸ் கொடுத்திருக்கிறீர்கள். அது வேலை செய்யாது, வெளியே மூடியதை உள்ளிருந்து திறக்க வழியில்லை. இது உறுதியான விஷயம். பூக்களை ஸ்பான் என்ற தனிச் சிறு உறுப்பில் வைத்து அவற்றுக்கு மட்டும் கொடுங்கள். லிங்க், பட்டன் எதையும் அதற்குள் விடாதீர்கள்: கீபோர்டில் டேப் அடித்து வருபவர் அங்கே வந்து நிற்பார், எதன்மேல் நிற்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. ரோல் பிரசன்டேஷன் போட்டால் எழுத்து மறையும் என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். மறையாது. அது "இது தலைப்பு", "இது பட்டியல்" என்ற அடையாளத்தைத்தான் கழற்றும், உள்ளே இருக்கும் எழுத்து அப்படியே வாசிக்கப்படும்.

பூவும் கோடும் எழுத்துக்குள் இருக்கவே வேண்டாம் என்பேன். தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ்ஸில் பின்னணிப் படமாக வைத்தால் ட்ரீக்குள் போவதே இல்லை. இமேஜ் டேக்கில் வைப்பதானால் ஆல்ட் என்ற மாற்று எழுத்து வெறுமையாக இருக்கட்டும். ஆனால் ஆல்ட்டையே விட்டுவிடக்கூடாது, விட்டால் சில ரீடர்கள் கோப்பின் பெயரைப் படித்துக் காட்டும். பிஃபோர், ஆஃப்டர் என்ற சிஎஸ்எஸ் போலி உறுப்புகளில் பூவைப் போட்டால் ரீடருக்குத் தெரியாது என்று பலர் நம்புகிறார்கள். தெரியும். அவற்றின் கன்டென்ட் பண்பில் நீங்கள் கொடுக்கும் எழுத்து, பெயரைக் கணக்கிடும்போது சேர்த்துக்கொள்ளப்படுகிறது. அதைத் தவிர்க்க, கன்டென்ட் மதிப்புக்குப் பின்னால் ஒரு சாய்கோடும் வெற்று மேற்கோளும் போடும் முறை இருக்கிறது. குரோமில் பல வருடங்களாக உண்டு. சஃபாரிக்கும் ஃபயர்பாக்ஸுக்கும் 2024 இல்தான் வந்தது. பழைய பிரவுசருக்கு அந்த வரியே புரியாமல் பூ மொத்தமாகக் காணாமல் போகும் என்பதால், சாய்கோடு இல்லாத வரியை மேலே ஒரு தடவை எழுதிவிட்டு இதைக் கீழே எழுதுங்கள்.

இரண்டு பெயருக்கும் நடுவில் இருக்கும் இதயத்தை மட்டும் இந்தக் கூட்டத்தோடு சேர்த்துவிடாதீர்கள். பார்ப்பவருக்கு அது "இவரும் அவரும்" என்ற இணைப்பு. பேசாமல் அதை மறைத்தால் இரண்டு பெயரும் ஒட்டிக்கொண்டு ஒரே ஆளின் நீளமான பெயர் மாதிரி ஒலிக்கும். நம் ஊரில் தகப்பன் பெயரை முன்னால் போடும் வழக்கம் வேறு இருப்பதால், கேட்பவர் உண்மையிலேயே அப்படி எடுத்துக்கொள்ளலாம். இதயத்தை மறைத்துவிட்டு, காதுக்குப் போகும் வடிவத்தில் "கௌசல்யாவும் ஸ்ரீதரனும்" என்று எழுதுங்கள். (பெயர்கள் உதாரணத்துக்கு.)

இனி எழுத்தெழுத்தாக உதிர்ந்த பெயர். இதில்தான் தமிழுக்கென்று தனிச் சிக்கல்கள் இருக்கின்றன. ஆங்கிலத்தை மனதில் வைத்து எழுதிய வழிகாட்டிகள் இவற்றைத் தொடுவதில்லை. ஒவ்வோர் எழுத்தும் தனியாக மிதந்து மேலே வர வேண்டும் என்பதற்காக ஜாவாஸ்கிரிப்ட் பெயரை உடைத்து, ஒவ்வொரு துண்டையும் ஒரு ஸ்பானில் வைக்கிறது. ஸ்பான் சாதாரண இன்லைனாக இருந்தால் பெரும்பாலும் சேர்த்தே வாசிக்கப்படும். அசைப்பதற்காக நீங்கள் இன்லைன்-பிளாக் ஆக்கியிருக்கிறீர்கள். அப்போது ஒவ்வொன்றும் தனிப் பெட்டி, போனில் விரலால் தள்ளத் தள்ள ஒவ்வோர் எழுத்தாக வரும். இது போதாதென்று உடைப்பதும் தவறான இடத்தில் நடக்கிறது. வெற்று மேற்கோளைக் கொடுத்து ஸ்பிளிட் செய்தால் பிரிவது யூனிகோட் குறியீடுகள். கௌசல்யா நமக்கு கௌ, ச, ல், யா என்று நான்கு எழுத்து. கணினியில் அது ஏழு குறியீடு: க, ஔகாரக் குறி, ச, ல, புள்ளி, ய, கால். ஏழும் ஏழு ஸ்பானுக்குப் போனால் திரையில் புள்ளி வட்டங்கள் தொங்கும், காதில் ல்-க்குப் பதில் ல வரும், தனியாக நிற்கும் குறிகளைச் சில குரல்கள் விழுங்கியே விடும்.

எழுத்து எல்லையில் உடைக்க இன்ட்ல் செக்மென்டர் என்ற வசதி பிரவுசரிலேயே இருக்கிறது. அதில் கிராஃபீம் (ஒரு முழு எழுத்து) என்ற அளவைக் கொடுங்கள். குரோமில் 2020 முதல் உண்டு, ஃபயர்பாக்ஸில் 2024 முதல். அதுவும் முழுத் தீர்வு இல்லை. யூனிகோடின் பொது விதிப்படி தமிழில் புள்ளி வைத்த மெய் தனி, அடுத்த எழுத்து தனி. கௌசல்யாவுக்கு அது சரியாக வரும். ஸ்ரீதரனில் ஸ் ஒரு ஸ்பானுக்கும் ரீ இன்னொரு ஸ்பானுக்கும் போய், ஸ்ரீ என்ற கூட்டு வடிவம் திரையில் உடைந்துவிடும். க்ஷ-வுக்கும் இதே கதி. பெயரில் இவை வந்தால் ஒட்டவைக்கும் நிபந்தனை ஒன்றை நீங்களே எழுத வேண்டும். என்னைக் கேட்டால் பெயரைச் சொல் சொல்லாக அசைத்தால் போதும். தமிழ் எழுத்தைத் தனித்தனியாக மிதக்கவிட்டு அழகாக வந்ததை நான் அதிகம் பார்த்ததில்லை.

எப்படி உடைத்தாலும் ரீடருக்கு முழுப் பெயர் ஒரே துண்டாக ஓரிடத்தில் கிடைக்க வேண்டும். இரண்டு வழி. ஒன்று, எச்1 தலைப்புக்கு ஏரியா-லேபிளில் முழுப் பெயரைக் கொடுத்து, உள்ளே உடைந்த ஸ்பான்களை ஏரியா-ஹிடனால் மூடுவது. தலைப்புக்கு இது செல்லும். ஆனால் வெறும் ஸ்பானுக்கும் டிவ்வுக்கும் பத்திக்கும் ஏரியா-லேபிள் போடக்கூடாது என்று 2023 இல் வந்த ஏரியா 1.2 விதித்தொகுப்பு தெளிவாகச் சொல்கிறது. போட்டால் சில ரீடர்கள் கண்டுகொள்ளாது. உள்ளே இருப்பதையும் நீங்கள் மூடியிருந்தால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. எழுத்தை உடைத்து அசைக்கும் ஜிசாப் நூலகத்தின் ஸ்பிளிட்டெக்ஸ்ட் 2025 பதிப்பிலிருந்து இந்த ஏரியா-லேபிள் வேலையைத் தானாகவே செய்கிறது. நல்லதுதான், ஆனால் அதையும் தலைப்பில் மட்டுமே நம்புங்கள். இரண்டாவது வழி, முழுப் பெயரையும் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஸ்பானில் சாதாரண எழுத்தாக வைத்து, உடைந்த பிரதியை மறைப்பது. எனக்கு இது பிடிக்கும், எந்த உறுப்பிலும் செல்லும். அந்த மறைப்பு கிளாஸில் டிஸ்ப்ளே நன் இருக்கக்கூடாது, அது காதுக்கும் சேர்த்து மறைத்துவிடும். 1 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி வெட்டும் வழக்கமான கிளாஸைப் போடுங்கள், அதில் ஒயிட்-ஸ்பேஸ் நோராப் இருக்கட்டும். இல்லாவிட்டால் சொற்களுக்கு இடையில் இடைவெளி இல்லாமல் சேர்த்து வாசிக்கப்படுவது உண்டு. ஒரு குறை இருக்கிறது. திரையை விரலால் தடவித் தேடுபவருக்குப் பெயர் தெரியும் இடத்தில் எதுவும் தட்டுப்படாமல் போகலாம். இது ரீடரைப் பொறுத்தது. முழுப் பெயருள்ள ஸ்பானை 1 பிக்சலுக்குச் சுருக்காமல், ஒளிபுகும்படி ஆக்கித் தலைப்பின் மேலேயே பரப்பி வைத்தால் அந்தக் குறையும் குறையும்.

பத்தியின் முதல் எழுத்தைப் பெரிதாக்கியதற்கும் ஸ்பான் போட்டிருக்கிறீர்கள். அதை எடுத்துவிட்டு சிஎஸ்எஸ்ஸில் ஃபர்ஸ்ட்-லெட்டரைப் பயன்படுத்துங்கள். எழுத்து தன் சொல்லை விட்டுப் பிரியாது, ரீடருக்கும் பெரும்பாலும் வித்தியாசம் தெரியாது.

ஆங்கிலப் பெயர்கள் வராததற்குக் காரணம் வேறு. நீங்கள் ஏதோ "ஃபேன்சி டெக்ஸ்ட்" தளத்தில் பெயரைக் கொடுத்து, வளைந்த எழுத்தில் வாங்கி ஒட்டியிருக்கிறீர்கள். அது எழுத்துரு இல்லை. கணிதச் சமன்பாடுகளுக்காக 2001 இல் யூனிகோட் 3.1 இல் சேர்த்த தனிக் குறியீடுகள். பார்க்க கே மாதிரி இருந்தாலும் கணினிக்கு அது "கணிதத் தடித்த கைவரி கே". சில ரீடர்கள் ஒவ்வொன்றையும் அப்படியே முழுப்பெயரோடு சொல்லும், சில மௌனமாகத் தாண்டிவிடும். விண்டோஸ் ஸ்கிரீன் ரீடரான என்விடிஏயில் 2024 இல் இவற்றைச் சாதாரண எழுத்தாக மாற்றிப் படிக்கும் விருப்பத்தேர்வு வந்தது, ஆனால் உங்கள் விருந்தாளி அதைப் போட்டிருப்பார் என்று நீங்கள் கணக்குப் பண்ண முடியாது. சாதாரண எழுத்தில் தட்டி, வளைவை வெப்ஃபான்டுக்கு விடுங்கள்.

தமிழுக்கு அந்தத் தளங்கள் கிடையாது, நமக்குத்தான் பாமினி என்ற பழைய எழுத்துரு இருக்கிறதே. உங்கள் பக்கத்தில் "நல்வரவு" என்ற பட்டையை அச்சகத்தில் தந்த பாமினி வகை அலங்கார எழுத்துருவில் போட்டிருப்பதைப் பார்த்தேன். இலங்கையில் அழைப்பிதழ், பதாகை வேலை செய்பவர்கள் இன்னும் அவற்றை விடாததற்குக் காரணம் புரிகிறது: வடிவங்கள் நிறைய, பழைய வடிவமைப்பு மென்பொருளில் யூனிகோட் தமிழ் கொம்பும் காலும் இடம் மாறி உடைந்த காலத்துப் பழக்கம். ஆனால் பாமினியில் சேமிக்கப்படுவது தமிழே இல்லை, ஆங்கில விசைகள். "தமிழ்" என்று கண்ணுக்குத் தெரிவது உள்ளே ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. ரீடர் அதைத்தான் ஆங்கிலச் சொல்லாக உச்சரிக்க முயலும். இதற்கு எந்த ஏரியாவும் சரியான மருந்து இல்லை, யூனிகோடுக்கு மாற்றுங்கள். கூகுள் ஃபான்ட்ஸில் கவிவனார், கட்டமரன், அரிமா, பாலு தம்பி எல்லாம் இலவசம், எல்லாம் யூனிகோட். வீட்டார் அந்தப் பாமினி வடிவம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் எழுத்தைக் கோட்டுருவமாக மாற்றி எஸ்விஜியாக எடுத்து, ரோல் இமேஜும் "நல்வரவு" என்ற ஏரியா-லேபிளும் கொடுங்கள். ஒரு சொல்லுக்கு அது சரி. முழு அழைப்பிதழையும் ஒரே ஜேபெக்காகப் போட்டு ஆல்ட்டில் "அழைப்பிதழ்" என்று எழுதுவதை ஏற்க முடியாது.

மின்னும் தலைப்பு மூன்று தடவை வாசிக்கப்படுகிறது என்றீர்களே, அது டேட்டா-டெக்ஸ்ட் உத்தி. தலைப்பின் எழுத்தை ஓர் அட்ரிபியூட்டில் வைத்து, பிஃபோரும் ஆஃப்டரும் அதை இழுத்து நிழலாகக் காட்டுகின்றன. மூலம் ஒன்று, நிழல் இரண்டு, ஆக மூன்று. மேலே சொன்ன சாய்கோடு இங்கேயும் உதவும். டெக்ஸ்ட்-ஷாடோவில் அதே விளைவு கிடைத்தால் இன்னும் சுத்தம். கீழே ஓடும் வாழ்த்து வரியிலும் இடைவெளி விழாமல் சுற்றுவதற்காக ஒரே வரியை நான்கைந்து பிரதி எடுத்திருக்கிறீர்கள். முதலாவதை விட்டு மற்றவற்றை மறையுங்கள். அதில் லிங்க் இருந்தால் ஏரியா-ஹிடன் போதாது, அந்தப் பகுதியையே செயலற்றதாக்கும் இனர்ட் போடுங்கள். 2023 இலிருந்து எல்லாப் பெரிய பிரவுசரிலும் அது உண்டு. தானாக ஓடத் தொடங்கி 5 விநாடிக்கு மேல் ஓடும் எதையும் நிறுத்த ஒரு வழி வேண்டும் என்பதும் விதி. அது ரீடருக்காக மட்டும் போட்ட விதி இல்லை, ஓடும் எழுத்தைத் துரத்திப் படிக்க முடியாத எல்லோருக்குமானது.

மொழிக் குறியைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை, ஆனால் பாதிப் பிரச்சினை அதில் இருக்கக்கூடும். வாங்கிய டெம்ப்ளேட்டின் எச்டிஎம்எல் டேக்கில் மொழி இன்னும் இஎன் என்றுதான் இருக்கிறது. அதாவது முழுப் பக்கமும் ஆங்கிலம் என்று நீங்களே அறிவித்திருக்கிறீர்கள். தமிழை ஆங்கிலக் குரலிடம் கொடுத்தால் ஒன்று தாண்டும், அல்லது எழுத்தெழுத்தாகப் பெயர் சொல்லும். அதைத் தமிழுக்குரிய டிஏ ஆக்குங்கள். அலுவலக நண்பர்களுக்காக வைத்திருக்கும் சிங்களப் பகுதிக்கு எஸ்ஐ, ஆங்கிலப் பகுதிக்கு இஎன் என்று அந்தந்த உறுப்பில் தனியாகக் கொடுங்கள். மூன்று லிபியில் வட்டமாகச் சுற்றும் வரவேற்புச் சொற்களுக்கும் அப்படியே. அங்கே தமிழை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் மறைத்தால் என்ன என்று கேட்டால், மறைக்க வேண்டாம் என்பேன்: பார்வையற்ற விருந்தாளி சிங்களவராகவும் இருக்கலாம். குறியைச் சரியாகக் கொடுத்தபின் குரல் மாறுமா என்பது ரீடரைப் பொறுத்தது, அந்த போனில் அந்த மொழிக் குரல் இறக்கியிருக்கிறதா என்பதையும் பொறுத்தது. உங்கள் பொறுப்பு குறியோடு முடிகிறது.

சின்னச் சின்னவை சில. வரைபட ஐகானுக்கு மெட்டீரியல் ஐகான்ஸ் போட்டிருக்கிறீர்கள்; அதன் உள்ளே இருப்பது ஓர் ஆங்கிலச் சொல், எழுத்துரு அதைப் படமாக மாற்றிக் காட்டுகிறது. ரீடர் அந்தச் சொல்லையே வாசிக்கும், ஆகவே ஐகானுக்கு ஏரியா-ஹிடன், பக்கத்தில் "மண்டபத்துக்கு வழி" என்ற சாதாரண எழுத்து. கீழே உருட்டும்போது தோன்றும் பகுதிகளை விசிபிலிட்டி ஹிடனில் தொடங்கினால், உருட்டாமல் கேட்டுக்கொண்டு போகிறவருக்கு அவை ட்ரீயிலேயே இருக்காது. ஒபாசிட்டி பூச்சியத்தில் தொடங்கினால் இருக்கும். தங்க நிறத்தைப் பற்றியும் ஒரு சொல்: கலியாணப் பக்கங்களில் வழக்கமாகக் காணும் அந்தத் தங்க நிறத்துக்கும் வெள்ளைக்கும் உள்ள ஒளிவேறுபாடு ஏறத்தாழ 2.1க்கு 1தான். சாதாரண எழுத்துக்கு 4.5 வேண்டும், பெரிய எழுத்துக்கு 3. அலங்காரத்துக்கு இதில் விலக்கு உண்டு, அதைப் பிடித்துக்கொண்டு மண்டபத்தின் முகவரியைத் தங்கத்தில் போடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சோதிப்பதற்கு விண்டோஸில் என்விடிஏ இலவசம். அதன் ஸ்பீச் வியூவரைத் திறந்தால் சொல்வதெல்லாம் எழுத்தாகவும் வரும், காது பழகாதவருக்கு அது பெரிய உதவி. குரோமின் டெவலப்பர் கருவியில் அக்சசிபிலிட்டி பகுதியில் ட்ரீயையே பார்க்கலாம். முதலில் ட்ரீயைப் பாருங்கள், அங்கே பெயர் முழுதாக ஒரு தடவை இருந்தால் உங்கள் பக்கம் சரி. பிறகு டாக்பேக்கில் கேளுங்கள். ட்ரீயில் சரியாக இருந்தும் குரல் தடுமாறினால், அந்த ஒரு குரலுக்காக எழுத்தைக் கோணலாக்கி எழுதிச் சரிக்கட்டாதீர்கள். வேறொரு ரீடரில் அதுவே பிழையாகும், பிரெயில் திரையில் படிப்பவருக்கும் அந்தக் கோணல் எழுத்தே போகும்.

கடைசியாக, நாள் மணி நிமிடம் விநாடி என்று ஓடும் அந்தக் கவுண்டவுன். அதற்கு யாரோ ஏரியா-லைவ் அசர்டிவ் சேர்த்திருக்கிறார்கள். விநாடிக்கு ஒரு தடவை மற்ற எல்லா வாசிப்பையும் வெட்டிக்கொண்டு எண் சொல்ல வைப்பது அதுதான். பெரியப்பாவால் பக்கத்தைக் கடைசி வரை கேட்க முடியாததற்கு இது பெரிய காரணமாக இருந்திருக்கும். அதை எடுத்துவிடுங்கள். ரோல் டைமர் என்று கொடுத்தால் இயல்பிலேயே அது குறுக்கே பேசாது. இன்னும் எளிது, ஓடும் எண்கள் முழுவதையும் மறைத்துவிட்டு, கலியாண நாளையும் சுபமுகூர்த்த நேரத்தையும் அதன் மேலே ஒரே வரியில் எழுதிவிடுவது.